ஹுவா ஹின் ஊரில் அமாவாசைச் சாப்பாடு

சயாம் தேசத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை நான்கு கிண்ணங்கள் வைக்கிறார்கள். ஒன்றில் சர்க்கரை. ஒன்றில் மிளகாய்த்தூள். ஒன்றில் காடியில் ஊறிய பச்சை மிளகாய். நான்காவதில் தேன் நிறத்தில் ஒரு நீர். மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து இறுத்தது. உப்பு மட்டும் கிடையாது. கேட்டால் அந்த நான்காவது கிண்ணத்தைச் சிரித்துக்கொண்டே நம் பக்கம் நகர்த்துகிறார்கள். அறுபத்திரண்டு வருஷம் சைவமாகவே வளர்ந்த நாக்கோடு ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரில் ஐந்து நாள் இருந்தேன். பட்ட பாடெல்லாம் இந்த உப்பால்தான் என்று சொன்னால் பாதிதான் உண்மை. போன காரியம் வேறு.

என் தங்கை செங்கமலத்தின் புருஷன் தணிகாசலம் யுத்தத்துக்கு முன்பே மலேயாவுக்குப் போனவர். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு, ரயில் பாதை போடுவதற்காகச் சயாமுக்கு ஏற்றிப்போன கூட்டத்தில் அவரும் இருந்தார் என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. யுத்தம் முடிந்து பதினாறு வருஷம் ஆகியும் இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் இல்லை. செங்கமலம் திண்டிவனத்தில் அவர் விட்டுப்போன அதே வீட்டில் பூவும் பொட்டுமாக இருந்தாள். கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டு அவள் அருகே வரும்போது நீட்டுகிற கை கொஞ்சம் தயங்கும். சுமங்கலிகள் மணையைச் சுற்றி நிற்கும்போது வா என்று கூப்பிட மாட்டார்கள். வராதே என்றும் சொல்ல மாட்டார்கள். அவள் வாசற்படி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவாள்.

ஹுவா ஹின்னில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குச் சொந்த ஊர் கோலியனூர். போன வருஷம் தன் தங்கையின் நிக்காஹுக்காக வந்தவர் விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு விஷயம் சொன்னார். அந்த ஊரில் ஒரு சயாம் பெண்பிள்ளை நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கறுத்த ஆள் ஒருவன் அடுப்படியில் இருக்கிறானாம். தமிழ் பேச மாட்டான். பேசினால் சயாம் பாஷைதான். ஆனால் ஒருநாள் கொதிக்கும் எண்ணெய் கையில் தெறித்தபோது, "பேஜாரு புடிச்ச அடுப்பே" என்று கத்தியிருக்கிறான். பாய் தன் காதால் கேட்டது. "அது நம்ம திண்டிவனம் பக்கத்து வாயி. தஞ்சாவூர்க்காரன் அப்பிடித் திட்ட மாட்டான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி யார் கடல் தாண்டுவார்கள்? ஆனால் என் மகளுக்குப் பினாங்கில் பிரசவம். எப்படியும் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து சயாம் எல்லை பக்கம்தான். கிளம்பும் அன்று செங்கமலம் சொன்னாள்:

"வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரிய வேணாண்ணா. இருக்காரா, இல்லியா, அதை மட்டும் பாத்துக்கினு வா. நடுவுல நின்னு நின்னு எனக்குக் காலு வலிக்குது."

பயண விவரங்களை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் தீராது. பெயர்ப்பலகைகள் எல்லாம் சயாம் எழுத்தில் இருக்கும் என்பதால், இன்ன பெரிய ஸ்டேஷனுக்குப் பிறகு ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்குங்கள் என்று பாய் எழுதியிருந்தார். நான் ஒழுங்காக எண்ணினேன். எதிர் வண்டிக்கு வழிவிட நடுவே ஓரிடத்தில் நின்றதையும் சேர்த்து எண்ணிவிட்டேன். விழுப்புரம் ஜங்ஷனில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் கிராசிங்குக்கும் ஸ்டேஷனுக்கும் வித்தியாசம் தெரியாமல், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே பெட்டியோடு நின்றேன். கடைசியில் ஒரு லாரிக்காரர் அன்னாசிப் பழங்களின் மேல் ஏற்றிக்கொண்டார். முள் வேட்டியைத் தாண்டியும் குத்தியது.

"எண்ணிக்கினே வந்தீங்களா!" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "இது என்னா நம்மூரு பக்கத்து பேரணி ஸ்டேஷனு, மயிலம் ஸ்டேஷனா பெரியவரே, வரிசையா நின்னு நின்னு போறதுக்கு? ஜல்தி மூஞ்சி கழுவுங்க. கடை மூடறதுக்குள்ள போவலாம்."

கடை, கடற்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது. தகரக் கூரை. மேசைகள் ஆறு. அவற்றில் இரண்டுக்குக் காலடியில் மரச்சில்லு முட்டுக்கொடுத்திருந்தது. நாற்காலிகள் இருபத்து மூன்று; ஏன் இருபத்து நான்காக இல்லை என்பது எனக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. பாங்காக்கிலிருந்து காற்று வாங்க வந்த குடும்பங்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தன. எல்லாத் தட்டுகளையும் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார்கள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்ளால் தள்ளிக் கரண்டியால் உண்கிறார்கள். விரல் எதிலும் படுவதில்லை.

கடைக்காரப் பெண்மணியின் பெயர் மாலி. நாற்பது வயது இருக்கும். எல்லோரும் அவளை அத்தை என்றோ அக்கா என்றோதான் கூப்பிடுகிறார்கள். நாம் உட்காருவதற்குள் ஐஸ் போட்ட தண்ணீர் வந்துவிடுகிறது. அது ஒன்று மட்டும் அந்த ஊரில் எனக்குக் குறை சொல்ல முடியாதது. அன்று வெறும் சோற்றில் சர்க்கரை தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் தன் கணவரிடம் ஏதோ கேட்டாள். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "'இந்தத் தாத்தா சாமியாரா, இல்ல பல்லு வலியா?'ன்னு கேக்குது."

அடுப்படி, பலகைத் தட்டிக்குப் பின்னால். வாணலியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தெறித்தால் அல்லவா திட்டுவான்? அன்று தெறிக்கவில்லை.

மறுநாள் பாய் மாலியிடம், பெரியவர் இறைச்சி தொடமாட்டார் என்று விளக்கிச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுப் போய் வள்ளைக்கீரை வதக்கல் கொண்டுவந்தாள். மேலே சென்னாக்குனி என்கிற பொடி இறால். இது வேண்டாம் என்றதும் முட்டை வந்தது. அதுவும் வேண்டாம் என்றதும் ஒரு முழு மீன் வந்தது. "இறைச்சி இல்லையே, மீன்தானே" என்று அவள் ஆச்சரியப்பட்டதாகப் பாய் சொன்னார். அவள்மேல் தப்பில்லை. அவர்களுக்கு மீன், நமக்குக் கத்தரிக்காய் மாதிரி. ஆனாலும் அந்த நிமிஷத்தில் விழுப்புரம் பிளாட்பாரத்தில் வாழை இலையில் கட்டி விற்கும் தயிர்சாதத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் ஓரத்தில் ஓர் எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு இருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைப் புளிப்பு என்று குறை சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் கை கழுவப் போகிற சாக்கில் பின்பக்கம் போனேன். அடுப்பு இரண்டு. ஒன்று கரி, மற்றது விறகு. விறகடுப்பின் முன் துண்டு கட்டிய ஆள், முதுகைக் காட்டி நின்றான். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். திரும்பினான். முதலில் அவர்தான் என்று பட்டது. அடுத்த நிமிஷம் யாரோ என்று பட்டது. கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் பார்த்த முகம் இத்தனை காலத்துக்குப் பிறகு எப்படி இருக்கும்? முக்கால் நரை. கன்னம் ஒட்டியிருந்தது. சயாம் பாஷையில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டான்.

"தெரியாதுங்கறான்" என்றார் பாய். "எனக்கும் இதே பதில்தான் பெரியவரே. ரயில் பாதை வேலைக்கு வந்த நம்மாளுங்க கொஞ்சமா நஞ்சமா? எவனோ ஒருத்தனா இருக்கலாம். நீங்க என்னடான்னா அடுப்பு ரெண்டு, நாற்காலி இருபத்து மூணுன்னு எண்ணிக்கினு இருக்கீங்க. கடைய வெலைக்கு வாங்கப் போறீங்களா?"

செங்கமலத்திடம் 'யாரோ ஒருவர் இருக்கிறார்' என்று போய்ச் சொன்னால் அவள் நின்ற இடத்திலேயேதான் நிற்பாள். அதற்கு நான் வராமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் அமாவாசை. எந்தத் தேசத்தில் இருந்தாலும் அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை விடக் கூடாது. விடியற்காலை கடலுக்குப் போனேன். அந்த ஊரிலும் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது, மரக்காணத்தில் மாதிரியே. கரையில் யானைக்குட்டிகள் படுத்திருப்பது போலப் பெரிய பாறைகள். அலை மட்டும் சிறியது. மூன்று முழுக்குப் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, மதியம் வரை பட்டினி இருந்தேன். அன்று அவர்களுக்கும் விசேஷ நாள். மாலி தூக்குப் பாத்திரத்தோடு புத்தர் கோயிலுக்குப் போவதைப் பார்த்தேன்.

மதியம் வழக்கமான மேசையில் உட்கார்ந்து சோறு மட்டும் போதும் என்று சைகை காட்டினேன். தட்டு வரவில்லை. இலை வந்தது. நுனி இடப்பக்கம் இருக்கும்படி மாலி அதை என் முன் போட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடாமல் செய்கிறவள் போல ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். சோறு. மேலே மசித்த பாசிப்பருப்பு. ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் வாழைக்காய்ப் பொரியல்.

எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று வாழைக்காய் இல்லாமல் இலை போடுவதில்லை. வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்தப் பொரியலில் தேங்காய் இல்லை. வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொரகொரப்பாக இடித்து, மிளகோடு சேர்த்துத் தூவியிருந்தது. அது என் அம்மாவின் கைப்பாகம். அக்கம்பக்கத்தில் "என்னா இது, வாழக்காய்க்கு மல்லாட்டையா?" என்று கேலி செய்வார்கள். புது மாப்பிள்ளையாக எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் தணிகாசலம் ஒவ்வோர் அமாவாசைக்கும் இதை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்தப் பக்குவம் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் நானும் செங்கமலமும். அவரும்.

ஒரு பிடி சோற்றை எடுத்துப்போய்ப் பின்சுவர் மேல் வைத்தேன். காக்கை வந்தது. திரும்பி வந்து இலை முன் உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை. கூடப்பிறந்தவளுக்கு ஒரு நியாயம் கேட்கப் போகிற வீட்டில், பேச்சு முடியும் முன் கை நனைப்பது எங்களில் வழக்கம் இல்லை. வயிறு ஒரு பக்கம் இழுத்தது. வாழைக்காய் வாசனை ஒரு பக்கம் இழுத்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

தட்டிக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். எதிரே உட்காரவில்லை. நின்றார்.

"சாப்புடுங்க மச்சான். ஆறிப்பூடும்."

தமிழ் துருப்பிடித்திருந்தது. ஆனால் எங்கள் ஊர்த் தமிழ்.

"முந்தாநாளே என்னைத் தெரிஞ்சுதா?"

"கொரலு கேட்டதும் தெரிஞ்சுது. சக்கரைய போட்டுச் சோறு துன்றத தட்டி சந்துல பாத்துக்கினு இருந்தேன். ராத்திரியில தூக்கமில்ல. கண்டுக்காம உட்டா போய்டுவாருன்னு நெனச்சேன். இன்னிக்கி அமாவாசையா போச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ எப்பிடி இருக்கா?"

"பூவும் பொட்டுமா இருக்கா."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் காரியம் பண்ணிட்டிருப்பீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"யார் சொல்லி? எதைப் பாத்து?"

"சரி. அப்ப செத்துட்டேன்னே சொல்லிடுங்க. அவளுக்கும் ஒரு முடிவாப் போவும்."

"நீங்க சுலபமா சொல்லிட்டீங்க மாப்ளே. அவ தலையில இருந்து பூவ யார் எடுக்கறது? நானா?"

"இருக்கேன்னு சொன்னா, ஏன் வரலன்னு கேப்பாளே" என்றார்.

"கேக்க மாட்டா. அதைக் கேக்கலன்னு சொல்லித்தான் அனுப்பினா."

அதற்குத்தான் அவர் அழுதார். பாங்காக் குடும்பங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் மரியாதை அது.

கதை பெரியதல்ல. ரயில் பாதையில் காலராவில் விழுந்தவரைச் செத்துவிட்டார் என்று கூடாரத்துக்கு வெளியே போட்டிருக்கிறார்கள். மாலியின் தகப்பனார் வண்டியில் எடுத்துப்போய்க் கஞ்சி ஊற்றியிருக்கிறார். எழுந்து நடக்க ஒரு வருஷம். பிறகு மாலி. பிறகு இரண்டு பெண்கள், பாங்காக்கில் படிக்கிறார்கள். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது மச்சான்?" என்றார்.

மாலி வந்து தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பாயிடம் ஏதோ சொன்னாள். பாய்க்குக் குரல் இறங்கியிருந்தது.

"திண்டிவனத்து அக்கா ஒடம்பு சௌக்கியமான்னு கேக்குது. மொத வருஷமே எல்லாம் சொல்லிட்டாராம். மாசத்துக்கு ஒரு நாளு இந்தச் சமையல இவரே ஆக்கி, காக்காவுக்குப் போட்டுட்டு, தனியா உக்காந்து சாப்புடுவாராம். யாருக்கும் குடுக்க மாட்டாராம், புள்ளைங்களுக்குக் கூட. ரெண்டாவது எல அறுத்தது இன்னிக்குத்தானாம். அதனால நீங்க சாப்புடணும்னு சொல்லுது."

சாப்பிட்டேன். வழக்கம் தெரிந்தவர்கள் என்னைக் கோபிக்கட்டும். அம்மா போன பிறகு அந்த ருசியை நான் பார்த்ததில்லை. செங்கமலம் கூடத் தேங்காய்க்கு மாறிவிட்டாள். மூன்றாம் முறை அவர் கேட்காமலே வைத்தார். நான் கையை மறிக்கவில்லை.

மீதி இரண்டு நாளும் அந்தக் கடையில்தான் கழிந்தது. உப்பு என் மேசையில் தனியாக ஒரு மூடியில் வந்துவிடும். கூட்டம் குறைந்ததும் அவர் எதிரே வந்து உட்காருவார். கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். பெருமுக்கல் மலைமேல் கார்த்திகைக்கு விளக்கு ஏற்றுகிறார்களா என்று கேட்டார். மல்லாட்டை மண்டி அதே இடத்தில் இருக்கிறதா, கொட்டகைப் புளியமரம் நிற்கிறதா, மயிலம் போகிற பாதை தார் போட்டாயிற்றா, கேப்பைக் கூழுக்கு இன்னும் அந்தக் கருவாட்டு நாற்றம் பிடித்த தெருக்கோடிக் கடைக்குத்தான் போகிறார்களா என்று கேட்டார். மல்லாட்டை மண்டியை மட்டும் நான்கு முறை கேட்டார். நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கிளம்பும் அன்று ஸ்டேஷனுக்கு வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பினார். மாலி வந்து பிளாட்பாரத்தில் கைகூப்பி நின்றாள், வண்டி வளைவு திரும்பும் வரை.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே செங்கமலம் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கார்" என்றேன்.

முறத்தை வைத்தாள். உட்கார்ந்தாள். நானே மீதியையும் சொல்லி முடித்தேன், மாலியையும் இரண்டு பெண்களையும் மறைக்காமல். அவள் முந்தானையால் ஒருமுறை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்காருன்னா இருக்காரு" என்றாள். "இனிமே எவ கேட்டாலும் தைரியமா சொல்லுவேன். எங்கன்னு கேட்டா கடல்ல தேடிக்கன்னு சொல்லுவேன்."

அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். என் மனைவி இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் எரிச்சல்படுகிற, எதையும் எண்ணி வைக்கும் என் குணத்தை அவள் ஒருத்திதான் அன்று வேண்டிக் கேட்டாள்.

"கடையில மேசை எத்தினி?"

"ஆறு."

"அடுப்பு?"

"ரெண்டு. ஒண்ணு கரி, ஒண்ணு வெறகு."

"அவரு எதுல நிக்கறாரு?"

"வெறகுல."

"பொகை அவருக்கு ஒத்துக்காதே. கண்ணு எரியும்." கொஞ்சம் யோசித்தாள். "தலை பூரா நரைச்சிடுச்சா?"

"முக்கால்."

"பல்லு?"

"மேல ரெண்டு இல்ல."

"அந்தப் பொம்பள எப்பிடி?"

"நல்லவளாத்தான் தெரியுது."

"அத யாரு கேட்டா? ஆக்கத் தெரியுமா அவளுக்கு?"

"மீன்தான்."

"ஐய, பாவம்" என்று சிரித்துவிட்டாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. வாழைக்காயைப் பற்றிச் சொன்னேன். எத்தனை முறை வைத்தார் என்றாள். மூன்று என்றேன். மிளகு தூக்கலா, மல்லாட்டை தூக்கலா என்றாள். மிளகு என்றேன். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறார், எத்தனை மணிக்கு உட்காருகிறார், எத்தனை வாளி தண்ணீர் இறைக்கிறார் என்றெல்லாம் கேட்டாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுப்பில் உலை கொதித்து அடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் முறத்தை மடிக்கு இழுத்து, கல் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டாள்.

"என்னைப் பத்தி எத்தினி வாட்டி கேட்டாரு?"

"அதை எண்ணலம்மா" என்றேன்.

"நீயா?" என்றாள் செங்கமலம்.